பதினெட்டு புள்ளி ஆறு

பையில என்ன சார், ஆசிட் பாட்டிலா? கக்கூஸ் கழுவவா? பஸ்ஸு குலுங்கும், படுக்க வைக்காதிய, நிமித்தி வைங்க. கால் இடுக்குல வேண்டாம், இப்படி ஓரமா. மூடி இறுகியிருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிடுங்க. ம். இப்பம் சரி.

வீட்டுல போயி அப்படியே ஊத்தப்பிடாது சார். மொதல்ல வாளியில தண்ணி. தண்ணிக்குள்ளதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்டுக்குள்ள தண்ணியை ஊத்தப்பிடாது. ஊத்துனா சூடு கெளம்பி மூஞ்சில தெறிக்கும். எனக்கு முன்ன இந்த வேலை பாத்த கொம்பையா அண்ணாச்சி ஒரு நா மாத்தி ஊத்திட்டாரு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. சட்டையில காலர் மட்டும் மிச்சம்.

எம்பேரு நயினார் சார். காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். எந்தக் காலேஜ்னு கேக்காதிய, அது எதுக்கு. முப்பத்தோரு வருஷமா ஆசிட்டைத் தண்ணியில கலக்குதேன். இப்பம் தூத்துக்குடியில மகளைப் பாத்துட்டுத் திரும்புதேன். உப்புக் கம்பெனி லேப்ல இருக்கா. வடிவுன்னு பேரு.

நீங்க பாளையங்கோட்டை வரைக்கும் வாரியளா? அப்பம் சொல்லுதேன். எனக்கு மனசுக்குள்ள ஒரு கொறை இருக்கு சார். ஒரு பொம்பளை வந்து முப்பத்தோரு வருஷ வேலையைத் தூக்கிக் குப்பைக்கூடையில போட்டா. போட்டாவ. மரியாதையாச் சொல்லணும், அவங்க டிபார்ட்மெண்டுக்குத் தலைவி.

நம்ம வேலை என்னன்னா, கடையில இருந்து வர ஆசிட் ரொம்பக் காட்டமா இருக்கும். மூடியைத் தொறந்தா புகையும். அதை அப்படியே பிள்ளைகள் கையில குடுக்க முடியாது. தண்ணி சேத்துக் காட்டத்தைக் கொறைச்சுக் குடுக்கணும். பத்து லிட்டர் பிடிக்கிற கண்ணாடி ஜாடி ஒண்ணு இருக்கு, அடியில குழாய் வச்சது, கழுத்துல கோடு போட்டது. முக்கா ஜாடிக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி. பொறவு ஒரு டீ கிளாஸ் ஆசிட். பொறவு கோடு வரைக்கும் தண்ணி. ஒரு கலக்கு. முடிஞ்சுது.

டீ கிளாஸான்னு பாக்கியளோ? ஆமா, டீ கிளாஸ்தான். கோடு போட்ட அளவுக் குழாய் இருக்கு. அது பீரோவுக்குள்ள இருக்கு. பீரோ சாவி சிவனுபாண்டியன் சார்கிட்ட. அவருதான் அப்பம் லேப் பொறுப்பு, பொறவு தலைவரும் ஆனாரு. சேந்த புதுசுல போயி சாவி கேட்டேன். "ஏ நயினாரு, நீ ஒடைச்சுப் போட்டுருவ. டீ கிளாஸ் வச்சு அளவே. எதுல அளந்தா என்ன, எப்பவும் ஒண்ணு போல அளந்தாச் சரி"ன்னாரு. பெரிய படிப்பாளி. அவரே ஒரு தடவை நின்னு சோதனை செஞ்சு பாத்து, செவத்துல பென்சிலால எழுதி வச்சாரு. பதினெட்டு புள்ளி ஆறு.

அது என்னன்னா சார், பையன் காரத் தண்ணியை இருவது மில்லி அளந்து குடுவையில விடுவான். பிப்பெட்டுன்னு ஒரு குழாய், அதுல அளப்பான். ரெண்டு சொட்டுச் சாயம் விட்டா மஞ்சளா நிக்கும். மேல நீளக் குழாய்ல நம்ம ஆசிட். சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே வந்தா ஏதோ ஒரு சொட்டுல மஞ்சள் ரோஸா மாறும். அங்கன நிறுத்தி, எத்தனை மில்லி எறங்கியிருக்குன்னு பாத்து எழுதணும். அதுதான் வேல்யூ. நம்ம ஆசிட்டுக்குப் பதினெட்டு புள்ளி ஆறு.

பரீட்சை அன்னைக்குக் காலையில பிள்ளைகள் வரிசையா வரும். "அண்ணே, வேல்யூ என்ன?" சொல்லுவேன். கோயில்ல சுண்டல் குடுக்க மாதிரி, எல்லாருக்கும் ஒரே அளவு. வெளிக் காலேஜ்ல இருந்து எக்ஸாமினர் வருவாரு, அவரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்ன அதைத்தான் கேப்பாரு. செவத்தைக் காட்டுவோம். பிள்ளைகளும் சும்மா சொல்லப்பிடாது சார், அப்படியே காப்பியடிக்காது. ஒருத்தன் பதினெட்டு அஞ்சும்பான், ஒருத்தி பதினெட்டு ஏழும்பா. நேர்மையா ஒரு புள்ளி முன்னப் பின்னப் போட்டுக்கிடும்.

இப்படியே போச்சு. நடுவுல ஒரு ஆயுத பூசைக்கு லேப் கழுவும்போது அந்த கிளாஸு கை தவறி ஒடைஞ்சுது. ஆறு வருஷம் இருக்கும். அன்னைக்கே போயி பாத்திரக் கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்குனேன். அதே வரி, அதே அடி. "அதே கிளாஸ்தானாவே?"ன்னு கேட்டும் பாத்தேன். "அதேதான் அண்ணாச்சி, இப்பம் எல்லா டீக்கடைக்கும் இதான் போகுது"ன்னான். அப்பம் எனக்கு என்ன சந்தேகம் வரும்? டீக்கடையில டீ மட்டும் இப்பம் என்னமோ நாலு மொடக்குல தீந்து போகுது. பால் சரியில்ல சார்.

எம்மவ வடிவு அங்கனதான் பி.எஸ்சி. படிச்சா. அட்டெண்டர் மகள்னு யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. வகுப்புல மொத ரெண்டு பேருக்குள்ள வருவா. எம்.எஸ்சி.யும் இங்கனதான்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். மூணாம் வருஷப் பரீட்சை அன்னைக்குக் காலையில இட்லி தின்னுக்கிட்டு இருந்தா. "ஏட்டி, பதினெட்டு புள்ளி ஆறு"ன்னேன். ஊருக்கெல்லாம் சொல்லுதோம், பெத்த பிள்ளைக்குச் சொல்லாம இருக்க முடியுமா? அவ சட்னி கேட்டா.

லேப்ல ஜன்னல் பக்கம் மூணாவது மேசை அவளுக்கு. நான் தண்ணி கேனைத் தூக்கிக்கிட்டுச் சுத்தி வாரேன். பாத்தா, அவ குழாய்ல ஆசிட் பதினெட்டு ஆறைத் தாண்டி எறங்குது. குடுவையில இன்னும் மஞ்சள். பக்கத்துல போயி இருமுனேன். அவ திரும்பலை. பத்தொம்பது. இருவது. இன்னொரு தடவை இருமுனேன். எக்ஸாமினர் என்னையப் பாத்து, "தண்ணி குடிங்க"ன்னாரு.

இருவது புள்ளி ஒம்பதுல நிறுத்துனா. கழுவிட்டு மறுபடி செஞ்சா. இருவது ஒம்பது. மூணாந் தடவையும் செஞ்சா. நான் தண்ணி ஊத்துத சாக்குல குனிஞ்சு மெல்லக் கேட்டேன், "பிப்பெட்டைக் கழுவுனியா?"

"கழுவுனேன்ப்பா."

"பதினெட்டு ஆறுன்னு எழுதுட்டீ."

"வரலையேப்பா"ன்னா.

வரலையாம்! அம்பது பிள்ளைக்கு வருது, அஞ்சு வகுப்புக்கு வருது, கலக்குனவன் மகளுக்கு வரலை. இருவது ஒம்பதுன்னு மூணு தடவையும் எழுதி, கீழ கோடு போட்டுக் குடுத்துட்டு வந்துட்டா. எக்ஸாமினர் செவத்தைப் பாத்தாரு, பேப்பரைப் பாத்தாரு, செவப்பு மையில ஒரு சுழி சுழிச்சாரு. அவளுக்குப் பாஸ் மார்க்குதான் வந்துச்சு. மத்த எல்லாருக்கும் கிட்டத்தட்ட முழு மார்க்கு. எம்.எஸ்சி. பட்டியல்ல அவ பேரு கீழ போயிருச்சு. சீட்டு கிடைக்கலை.

நான் வீட்டுல சத்தம் போட்டேன். இல்லைங்கலை. "பெத்தவன் சொல்லுதேன், பிப்பெட்டைக் கழுவாமச் செஞ்சிருக்க. லேப்ல நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?"னு கேட்டேன். ஒரு மாசத்துல தூத்துக்குடிக்கு வேலைக்குப் போயிட்டா. போன் பண்ணுவா. "சாப்பிட்டியளா?"ம்பா. "சாப்பிட்டேன்"பேன். "அம்மாட்ட குடுங்க"ம்பா. இப்படி நாலு வருஷம். பிடிவாதக்காரி சார். என் வீட்டுக்காரி குருவம்மா குணம்.

இந்த வருஷம் சிவனுபாண்டியன் சார் ஓய்வு பெத்துட்டாரு. மாலையெல்லாம் போட்டோம். ஆனி மாசம் புதுசா ஒரு மேடம் வந்தாவ. டாக்டர் எமரன்சியா. கடற்கரைப் பக்கத்து ஆளு, குரல் அலை மேல கேக்க மாதிரி இருக்கும். வந்த ரெண்டாம் நாளே ஜாடிகிட்ட நின்னு, "இதை யாரு கலக்குனது?"ன்னாவ.

"நான்தான் மேடம்."

"எப்படின்னு செஞ்சு காட்டுங்க."

செஞ்சு காட்டுனேன். கோடு வரைக்கும் ஊத்தி, கலக்கி, பெருமையாத்தான் நின்னேன். அவங்க அந்த கிளாஸை வாங்கிக் கழுவுனாவ. தண்ணி மொண்டாவ. பீரோவைத் தொறந்து கோடு போட்ட குழாயை எடுத்து அதுல ஊத்திப் பாத்தாவ. எம்பது மில்லி. பொறவு அவங்களே நின்னு சோதனை செஞ்சாவ. எனக்கு வெளிய வேலை இருந்துச்சு, ஆனா நகர முடியலை. குழாய்ல எறங்குது, எறங்குது, பதினெட்டு ஆறைத் தாண்டிருச்சு. அடடா, இவங்களும் கழுவலை போலன்னு நெனைச்சேன்.

இருவது புள்ளி ஒம்பதுல நின்னுச்சு.

செவத்துல இருக்க எழுத்தைப் பாத்தாவ. ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டாவ. "நயினார், செவத்துல இருக்கது வரணும்னா கிளாஸ் தொண்ணூறு மில்லி பிடிக்கணும். இது எம்பதுதான் பிடிக்குது. கிளாஸை எப்பம் மாத்துனீங்க?"ன்னாவ. ஒடைஞ்சதை நான் யாருட்டயும் சொன்னதில்ல சார். குறி சொல்லுத மாதிரிச் சொல்லிட்டாவ.

"ஆறு வருஷம் இருக்கும் மேடம்."

பழைய பரீட்சை நோட்டையெல்லாம் எறக்கச் சொன்னாவ. தூசி தட்டி எறக்குனேன். பக்கம் பக்கமாப் பொரட்டுனாவ. "ஆறு வருஷமா எல்லாப் பிள்ளையும் பதினெட்டு ஆறுன்னா எழுதியிருக்கு?"

"ஆமா மேடம். நல்ல பிள்ளைகள்."

"ஒருத்தர் கூடவா இருவது ஒம்பது எழுதலை?"

எனக்கு மறைக்கத் தெரியாது சார். "ஒண்ணே ஒண்ணு மேடம். எம்மவ. பிப்பெட்டைக் கழுவாமச் செஞ்சிட்டா"ன்னேன்.

அந்தம்மா என்னையப் பாத்தாவ. நோட்டை மூடி வச்சாவ. "நயினார், ஆறு வருஷத்துல இந்த லேப்ல சோதனை செஞ்சது ஒங்க மக ஒருத்திதான்"னாவ. ரெண்டு வாத்தியாருங்க பக்கத்துல நிக்காங்க, அவங்களுக்கு முன்ன வச்சு. சொல்லிட்டு கிளாஸைக் குப்பைக்கூடையில போட்டாவ.

பத்து மில்லி சார். டீயில ஒரு மொடக்கு. அதுக்கு ஆறு வருஷப் பிள்ளைகளைச் சொல்லலாமா? நானும் விடலை. "எல்லாருக்கும் ஒரே தப்புன்னா அது தப்பாகுமா மேடம்?"னு கேட்டேன். "காட்டம் கூடலாம், கொறையலாம், அது தப்பே இல்ல. கலக்குன பொறவு எவ்வளவுன்னு அளந்து பாக்காம செவத்தைப் பாத்ததுதான் தப்பு"ன்னாவ. செவத்துல எழுதுனது நானா? அதை அவங்க யோசிக்கலை. அன்னைக்குச் சாயந்தரம் பென்சில் எழுத்தைச் சுண்ணாம்பு வச்சு அழிக்கச் சொல்லிட்டாவ. நான்தான் அழிச்சேன்.

அதோட விட்டாவளா? பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாவ. காலக்கெடு முடிஞ்சு போச்சு, மார்க்கை மாத்த முடியாதுன்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு. பொறவு ஒரு நா என்னையக் கூப்பிட்டு, "ஒங்க மகளை வரச் சொல்லுங்க. எம்.எஸ்சி.ல ஒரு எடம் பேசி வச்சிருக்கேன். ஆகஸ்ட் பத்துக்குள்ள வந்து சேரணும்"னாவ.

நல்ல சேதிதான். அன்னைக்கே சொல்லணும்னுதான் போனைக் கையில எடுத்தேன். பொறவு யோசிச்சேன். திடீர்னு சீட்டு எப்படின்னு கேப்பா. அதைச் சொல்லணும்னா மேடத்தைச் சொல்லணும், மேடத்தைச் சொன்னா கிளாஸைச் சொல்லணும். சரி, இதெல்லாம் போன்ல பேசுத விசயமா, நேர்ல வரும்போது சொல்லுவோம்னு விட்டுட்டேன். அவ நேர்ல வரலை. மேடம் கேக்கும்போதெல்லாம், "வீட்டுல யோசனை பண்ணிக்கிட்டு இருக்கு மேடம்"னேன். பொய்யில்ல சார். நான் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ராப்பகலா யோசிச்சேன். ஆகஸ்ட் பத்து அதுபாட்டுக்குப் போச்சு.

ஐப்பசியில மேடம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உப்புக் கம்பெனி பாக்கப் போனாவ. அந்தக் கம்பெனிக்கேதான். லேப்ல எம்மவளைப் பாத்திருக்காவ. பேரைக் கேட்டிருக்காவ. அப்புறம் என்ன, மொத்தத்தையும் பேசியிருப்பாவ. பொம்பளைகள் பேச ஆரம்பிச்சா.

அன்னைக்கு மத்தியானம் போன் வந்துச்சு. "எப்பம்ப்பா தெரியும் ஒங்களுக்கு?"ன்னா.

"என்னது?"

"இருவது ஒம்பது."

"ஆனியில."

"இப்பம் என்ன மாசம்?"

"ஐப்பசி"ன்னேன்.

போனை வச்சிட்டா. நாலு வருஷத்துல அன்னைக்கு ஒரு நாதான் சார் "சாப்பிட்டியளா"ன்னு கேக்கலை. நான் சாப்பிடவும் இல்ல.

குருவம்மாகிட்டச் சொன்னேன். அவ பாத்திரம் வெளக்கிக்கிட்டே கேட்டா. முழுசாக் கேட்டுட்டு, "அந்தப் பிள்ளை அன்னைக்கு வரலையேன்னுதானே சொல்லுச்சு?"ன்னா. அவ்வளவுதான். பொறவு பன்னெண்டு நா வீட்டுல எனக்குச் சோறு இருந்துச்சு, பேச்சு இல்ல. பதிமூணாம் நா, "வடிவு ஒங்களை ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா"ன்னா.

அதுதான் இன்னைக்கு. இப்பம்தான் வாரேன்.

எனக்கு என்னமோ திட்டப் போறான்னுதான் நெனைப்பு. பஸ்ஸுல போகும்போதே பதில் எல்லாம் ரெடி பண்ணிட்டுப் போனேன். போனா, கையைக் கழுவச் சொன்னா. ஒரு வெள்ளைக் கோட்டைக் குடுத்துப் போட்டுக்கச் சொன்னா. காலேஜ்ல எனக்குக் காக்கிதான், கோட்டு வாத்தியாருக்கு மட்டும். பொத்தான் போடத் தெரியாம நின்னேன், அவளே போட்டுவிட்டா.

அங்கன உப்புல அயோடின் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், அதுதான் அவ வேலை. அதுக்கு ஒரு மருந்தைக் காட்டம் கொறைச்சுக் கலக்குனா. நான் பாத்துக்கிட்டு நின்னேன். பிப்பெட்ல இருவத்தஞ்சு மில்லி உறிஞ்சி எடுத்து, வாய் வைக்கலை, ரப்பர் குமிழ் வச்சு, ஒல்லிக் கழுத்துக் குடுவையில விட்டா. தண்ணி ஊத்துனா. கோடு கிட்ட வரவும் ஊத்துததை நிறுத்திட்டு, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டுன்னு விட்டா. முட்டியை மடக்கிக் குனிஞ்சு, கண்ணைக் கோட்டுக்கு நேரா வச்சுப் பாத்தா. முப்பத்தோரு வருஷம் நான் நின்னுக்கிட்டு மேல இருந்துதான் சார் பாத்தேன்.

கலக்கி முடிச்சதும் அதையே எடுத்துச் சோதனை பண்ண ஆரம்பிச்சா. "இப்பம்தானே நீயே கலக்குன? நீ செஞ்சதை நீயே நம்பமாட்டியா?"ன்னு கேட்டேன். "அதுதான்ப்பா வேலை"ன்னா.

பொறவு என்னைய ஸ்டூல்ல உக்காத்தி, "நீங்க ஒண்ணு செய்யுங்க"ன்னா.

நான் செஞ்சதே இல்ல சார். ஒங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. எத்தனை ஆயிரம் குழாயைக் கழுவியிருக்கேன், ஒரு தடவை தொறந்து சொட்டு விட்டதில்ல. அட்டெண்டர் செய்யப்பிடாதுல்லா. உப்பைக் கரைச்சு வச்சிருந்தா. நீலமா நிக்குது. "நீலம் போன ஒடனே நிறுத்தணும்"னா. தொறந்தேன். படக்குன்னு போயிருச்சு. மூணு புள்ளி அஞ்சு. அவ மொகத்தைப் பாத்தேன். சரியா தப்பான்னு மொகத்துல தெரியும்லா. ஒண்ணும் தெரியலை. "மறுபடி செய்யுங்க"ன்னா. இந்தத் தடவை பயந்து, நீலம் முழுசாப் போகுமுன்னயே மூடிட்டேன், ரெண்டு புள்ளி நாலு. "வேல்யூ என்னட்டீ?"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரியாதுப்பா. நீங்கதான் சொல்லணும்"னா.

மூணாந் தடவை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விட்டேன். ஒரு சொட்டு விடுவேன், ஆட்டுவேன். ஒரு சொட்டு, ஆட்டுவேன். கடைசிச் சொட்டுக்கு முன்ன நீலம் கொஞ்சமா, இருக்கா இல்லையான்னு நிக்குது பாருங்க, அப்பம் ஒரு பயம் வருது சார். இவ்வளவு நாளும் பிள்ளைகள் இதுல நிக்கும்போதுதான் நான் பக்கத்துல போயி நம்பர் சொல்லியிருக்கேன். அந்தச் சொட்டு விழுந்துச்சு. போயிருச்சு. ரெண்டு புள்ளி எட்டு. நாலாந் தடவையும் ரெண்டு புள்ளி எட்டு.

அவ நோட்டை எடுத்து ரெண்டு எட்டுன்னு எழுதுனா. சரியான்னு நானும் கேக்கலை, அவளும் சொல்லலை. செஞ்சவர்னு ஒரு கட்டம், அதுல எம்பேரை எழுதச் சொன்னா. எழுதுனேன். ரெடி பண்ணிட்டுப் போன பதில்ல ஒண்ணு கூட வாயில வரலை. "அன்னைக்கு நான் வந்து இருமியிருக்கப்பிடாதுட்டீ"ன்னேன். அவ குழாயைக் கழுவிக்கிட்டு இருந்தா. கழுவி முடிச்சும் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரங் கழிச்சுத்தான் மூடுனா.

மதியம் மீன் வச்சிருந்தா, நல்லாச் சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வந்தா. அங்கன வச்சுத்தான் சொன்னா, அடுத்த வருஷம் எம்.எஸ்சி. சேரப் போறாளாம், மேடம்கிட்டப் பேசிட்டாளாம். நம்ம காலேஜ்லதானேன்னேன். இல்லப்பா, தூத்துக்குடியிலயேன்னா. "ஏட்டி, நம்ம காலேஜ் இருக்கும்போது ஏன்?"னு கேட்டேன்.

"அங்க நீங்க இருக்கியளே"ன்னா.

சிரிச்சுக்கிட்டேதான் சார் சொன்னா. சிரிச்சான்னுதான் நெனைக்கேன். நான் படிக்கட்டுல ஏறிட்டேன், அவ கீழ நிக்கா, வெயில் நேரா கண்ணுல அடிக்குது. சரியாத் தெரியலை. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை போய்ப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.